தொட்டிக்கு எந்த லைட்டு என்று கேட்டாயே

அருளுக்கு, நைனா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை போனை வைக்கப் போகும் நேரத்தில் ஒன்று கேட்டாய். அடுத்த மாதம் இங்கே கல்யாணம் முடிந்து நீயும் நிவேதாவும் ஜெர்மனிக்குத் திரும்பியதும், புது வீட்டில் ஒரு மீன் தொட்டி வைக்கப் போகிறீர்கள், இரண்டடி நீளம், பிளாஸ்டிக் செடி இல்லாமல் நிஜச் செடி நட்டு. அதற்கு எந்த லைட்டு வாங்கலாம் என்று கேட்டாய். முப்பது வருஷம் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன், அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு தொட்டியை வைத்துப் பார்த்துக்கொண்டவன், நைனாவுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் கேட்டிருப்பாய். "யோசிச்சி சொல்றேம்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதில் யோசிக்க ஒன்றுமில்லை அருளு. நிற்கிற நிலையிலேயே சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் தொட்டியைப் பற்றியும் அதன் மேல் எரிந்த லைட்டுகளைப் பற்றியும் பேச ஆரம்பித்தால், உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

தொட்டி வைக்கச் சொன்னதே நீதான். அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, செவ்வாயும் வெள்ளியும் செங்கல்பட்டுக்கு டயாலிசிஸுக்குப் போய்வரத் தொடங்கியிருந்த நேரம். அங்கன்வாடியில் இருபத்தைந்து பிள்ளைகளை மேய்த்துக்கொண்டிருந்தவள் முன்னறைக் கட்டிலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் சொன்னதும், "மீன் தொட்டி வாங்கி வை நைனா, எதையாவது பாத்துகினு இருப்பாங்க" என்றாய். மறுநாளே சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் ரோட்டில் வளர்ப்பு மீன் விற்கும் எஸ்தர் கடைக்குப் போய்த் தொட்டியும் மணலும் செடியும் வாங்கி வந்தேன். லைட்டு மட்டும் வாங்கவில்லை. லைட்டைப் பற்றி எனக்கு ஒரு மீன் கடைக்காரம்மா சொல்லித் தர வேண்டுமா என்கிற திமிர். ஷெட்டில் உயரத்தில் மாட்டுகிற ஃபிளட் லைட் ஒன்று வீட்டில் கிடந்தது. அதை ஒரு இரும்புச் சட்டத்தில் பொருத்தித் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டேன். காலையில் எழுந்ததும் போட்டால் படுக்கப் போகும்போதுதான் அணைப்பேன். அறையே கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது.

மூன்றாவது வாரம் தண்ணீர் பச்சையாகக் கலங்கி, இலைகளின் மேல் முடிமுடியாகப் பாசி பிடித்துவிட்டது. மீன் இருக்கிற இடமே தெரியவில்லை. எஸ்தரிடம் போய் நின்றேன். இன்னும் எத்தனை வாட் கூட்டினால் செடி நன்றாக வரும் என்று கேட்டேன். அந்தம்மா வலையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா சார் நீங்க, வாட்டு வாட்டுன்னுகினு? செடி இன்னா வாட்டையா தின்னுது? உங்க கண்ணுக்குப் பளிச்சுனு கீறது வேற, செடிக்குச் சோறா கீறது வேற. நீங்க போட்டுகினு கீற லைட்டுல பாசிக்குத்தான் விருந்து" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் எடுத்துக் கொடுத்த சாதாரண வெள்ளை லைட்டையும் ஒரு டைமரையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதனால் முதலில் உன் கேள்விக்குப் பதில். வாட்டைப் பார்த்து வாங்காதே. அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் லூமன் என்கிற வெளிச்சக் கணக்கும் மனிதக் கண்ணுக்குத்தான், செடிக்கு அல்ல. என்ன செடி நடப்போகிறாய் என்று முதலில் முடிவுசெய், லைட்டு அதற்குப் பிறகு. நாம் வைத்திருந்த ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், நீளநீளமாக நாடா போல வளரும் வாலிஸ்னேரியா, இதெல்லாம் மிதமான வெளிச்சத்திலேயே பிழைத்துக்கொள்ளும். நிவேதா ஆசைப்படுகிறாள் என்று சிவப்பு இலைச் செடிக்குப் போனால் வலுவான லைட்டு வேண்டும். அப்படிப் போட்டால் உரமும் வேண்டும், தண்ணீருக்குள் கார்பன் டை ஆக்சைடும் விட வேண்டும். வெளிச்சத்தை மட்டும் கூட்டிவிட்டு மற்றதை விட்டால் எனக்கு நேர்ந்ததுதான் உனக்கும் நேரும். கூட்டிக் குறைக்கிற வசதி உள்ள லைட்டாக, தொட்டியின் முழு நீளத்துக்கும் வெளிச்சம் விழுகிற மாதிரி ஒன்றை வாங்கு. முதல் மாதம் பாதி வெளிச்சத்தில் ஆறு மணி நேரம் போதும், செடி வேர் பிடித்த பிறகு மெல்லக் கூட்டு. டைமர் போட்டுவிடு, உன் கையை நம்பாதே. ஜன்னலோரம் வேண்டாம். அங்கே கோடையில் ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்திலும் வெயில் அடிக்கிறது என்பாயே, அது பாசிக்குப் போதும்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

பாசியைக் கழுவிவிட்டு இரண்டாம் முறை செடி நட்டது அம்மா. தொட்டியில் பாதித் தண்ணீர் விட்டுக் கட்டிலோடு சேர்த்து நகர்த்தி வைத்தேன். ஊசி குத்திக் குத்திப் புடைத்த இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டு, இரண்டு விரலால் வேரைப் பிடித்துக் கட்டை விரலால் மணலில் அழுத்தி, ஒவ்வொன்றாக வரிசை பிசகாமல் நட்டாள். வேடந்தாங்கல் பக்கத்தில் சின்னப் பெண்ணாக அவள் கூலிக்கு நாற்று நட்டவள் என்பது உனக்குத் தெரியும். அதை அவள் விரும்பிப் பேசியதே இல்லை. அன்றைக்கு நீ வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாய். "நாத்து நடறதுல இருந்து தப்பிச்சி டீச்சராயிட்டேன்னு நெனச்சினு இருந்தேன். தா பாரு, வூட்டுக்குள்ளயே கழனிய கொண்ணாந்து வுட்டாரு உங்க நைனா" என்று உன்னிடம் சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு பகல் முழுக்கத் தொட்டிப் பக்கமே திரும்பிப் படுத்திருப்பாள். அவளுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும். தாகமெடுத்தால் ஒரு துணியை நனைத்து உதட்டில் வைப்பேன். ஒருநாள் துணியை வாயில் வைத்துக்கொண்டே, "அதுங்க குடுத்து வெச்சதுங்க. தண்ணியிலயே கீதுங்க" என்றாள். எழுந்து போய்த் துணியை மறுபடி நனைத்துக்கொண்டு வந்தேன்.

நீ அங்கே புது வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தபோது, செங்கல்பட்டில் டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். இதயம் தளர்ந்துகொண்டே வருகிறது, இனிமேல் டயாலிசிஸை அந்த உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது, வர வேண்டியவர்கள் இருந்தால் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார். வர வேண்டியவர்கள் என்று நமக்கு யார் இருக்கிறார்கள்? நீ ஒருவன். முதல் ஆறு மாதம் முடியாமல் லீவு கேட்டால் வேலைக்கு ஆபத்து என்று நீ சொல்லியிருந்தாய். அதை நான் பிடித்துக்கொண்டேன். ஆறு மாதம் ஆகட்டும், அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்காகத்தான் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. உன்னை வரச் சொன்னால் அவள் போகப் போகிறாள் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். என்னால் அது முடியவில்லை.

அந்த வாரம் நீ கூப்பிட்டபோது அம்மா தொட்டிப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தொட்டி லைட்டு அவள் முகத்தில் விழுந்திருந்தது. "அம்மா, மொகம் தெளிஞ்சிகினு வருது" என்றாய் நீ. உண்மையில் அவள் முகம் கறுத்து, கண்ணுக்குக் கீழே வீங்கி, தோல் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. வெளிச்சம் அதை மறைத்துவிட்டது. அது தானாக நடந்தது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் தானாக நடக்கவில்லை. மறுநாள் எஸ்தர் கடைக்குப் போய், சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை நான்கும் கலந்து எரிகிற ஒரு லைட்டைக் காட்டச் சொன்னேன். அதைப் போட்டால் தொட்டியில் இருக்கிற இலையும் மீனும் அப்போதுதான் பிறந்தது போலத் தெரியும். "உங்க செடிக்கு இது தேவ இல்ல சார். இதை யாருக்கு வாங்கறீங்க, செடிக்கா, கண்ணுக்கா?" என்றாள். "கண்ணுக்குத்தாம்மா" என்றேன். யாருடைய கண்ணுக்கு என்று அவள் கேட்கவில்லை.

அந்த லைட்டு தொட்டி மேல் எரிந்ததே இல்லை அருளு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு நீ கூப்பிடுவாய். நாலு மணிக்கே அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, தலை வாரி, பொட்டு வைத்து, அந்த லைட்டை எதிர் அலமாரியில் சாய்த்து நிறுத்துவேன். ரிமோட்டில் நீலத்தைக் குறைத்துச் சிவப்பைக் கொஞ்சம் கூட்டினால் கன்னத்தில் ரத்தம் ஓடுகிற மாதிரி இருக்கும். போனில் எப்படித் தெரிகிறது என்று முன்கூட்டியே என் போனில் பார்த்துக்கொள்வேன். கம்பெனியில் ஒரு வேலையையும் அத்தனை கவனமாகச் செய்ததில்லை. முதல் இரண்டு வாரம் அம்மாவும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். "எனக்கு மேக்கப்பு மேன் வேலை பாக்கறாரு" என்று தன் தம்பியிடம், உன் சேகர் மாமாவிடம் சொல்லியிருக்கிறாள். பிறகு பேசாமல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நீ கூப்பிடும் சத்தம் கேட்டதும் திறப்பாள். பத்து நிமிடம் பேசுவாள். நீ வைத்ததும் அப்படியே சரிவாள், நான் பிடித்துக்கொள்வேன். நாலு மாதம், ஒரு ஞாயிறு விடாமல் இப்படிச் செய்தேன்.

கடைசி ஞாயிறு முடிந்து வியாழக்கிழமை விடியும்போது அவள் போய்விட்டாள். நீ வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்றாய். உன் சேகர் மாமா, அக்காவின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தவன், "ஐஸ் பொட்டி சொல்லிட்டேன் மாமா. புள்ள வர்ற வரிக்கும் வெச்சினு இருக்கலாம்" என்றான். நான் வேண்டாம் என்றேன். "ஒரே புள்ள மாமா, மொகத்த பாக்க வாணாமா?" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினான். அவள் உடம்பு தாங்காது, இன்றைக்கே எடுத்துவிடலாம் என்று எல்லோர் எதிரிலும் கத்தினேன். கொள்ளியும் நானே வைத்தேன். டாக்டர் அப்படிச் சொன்னார் என்று உன்னிடம் சொன்னேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. நாலு நாளைக்கு முன் நீ போனில் பார்த்த முகமும் பெட்டிக்குள் இருக்கும் முகமும் ஒன்றில்லை என்று நீ கண்டுபிடித்துவிடுவாய் என்ற பயம்தான். சேகர் அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. காரணம் என்ன என்று நீ என்னைக் கேட்டிருக்கிறாய். இதுதான்.

மாமல்லபுரத்தில் சாம்பலைக் கரைத்த காலை உனக்கு நினைவிருக்கும். அலை பெரிதாக இருந்தது, சட்டியை விட்டுவிட்டு நீ இடுப்பளவு தண்ணீரிலேயே நின்றாய். நான் தோளைத் தொட்டேன். திரும்பிப் பார்க்காமல், "ஏன் நைனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றாய். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "அம்மாதான் சொல்ல வாணான்னா. உன் வேல கெட்டுப்போவும்னு பயந்தா" என்றேன். கரைக்கு வந்து ஈரத் துணியோடு மணலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய். அம்மா மேல் உனக்கு ஒரு கோபம் அங்கேயே விழுந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. செத்துப்போனவள் மேல் பழியைப் போட்டுவிட்டு, நான் உனக்குத் தலை துவட்டத் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

இத்தனை நாள் மறைத்தவன் இப்போது எதற்காகச் சொல்கிறேன் என்று நினைப்பாய். நீ லைட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் சொன்னது அப்படிப்பட்டது. அம்மாவோடு கடைசி ஞாயிறு பேசும்போது நீ போனிலேயே பிடித்துவைத்த அவள் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருக்கிறாய், கல்யாண மேடையில் வைக்கப் போகிறாய் என்றாய். பிறகு குரலை இறக்கி, "தினமும் அந்தப் படத்த பாக்கறேன் நைனா. நாலு மாசம் வாராவாரம் அவங்க மொகத்த பாத்துகினே இருந்திருக்கேன், எனக்கு ஒன்னுமே தெரியலயே. நான் இன்னா புள்ள?" என்றாய். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அதுவும் வாய்க்கு வந்ததுதான்.

உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை அருளு. யார் பார்த்திருந்தாலும் அதைத்தான் பார்த்திருப்பார்கள். நீ பார்க்கக்கூடாது என்று உன் அப்பன் உட்கார்ந்து செய்த வேலை அது. இனிமேல் நீ அதற்காக ஒரு நாளும் உன்னை நொந்துகொள்ளாதே. நொந்துகொள்ள ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். மேடையில் எந்தப் படத்தை வைப்பது என்பது உன் இஷ்டம். இந்தக் கடிதத்தோடு இன்னொரு படம் வைத்திருக்கிறேன். அவள் போன அதே மாதத்தில் ஒரு மத்தியானம், பகல் வெளிச்சத்தில், அவளுக்குத் தெரியாமல் நான் எடுத்தது. முகம் கறுத்து வீங்கித்தான் இருக்கிறது, தலையில் பாதி முடி இல்லை. தொட்டிக்குள் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஐஸ் பெட்டியில் நீ பார்த்திருக்க வேண்டிய முகம் அதுதான். உடனே பார்க்க வேண்டாம். முடியும் என்று தோன்றுகிற நாளில் பார்.

நிவேதாவிடம் எதையும் இப்படி மறைக்காதே என்று எழுத வந்தேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நீயே அறிவாய். கல்யாணத்துக்கு நான் மேடையில் நிற்க வேண்டாம் என்று தோன்றினால் சொல்லிவிடு, பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறேன். வரவே வேண்டாம் என்றாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். தாய்மாமன் முறை செய்ய சேகர் வருவான், அவனிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அம்மா உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லவே இல்லை. டாக்டர் என்னிடம் பேசிய அன்றைக்கே, என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டு, திரும்பி வரும் வழியில் ஆட்டோவிலேயே என்னிடம் ஒன்று சொன்னாள். கடைசி ஞாயிறு நீ போனை வைத்த பிறகும் அதையே சொன்னாள். முதல் முறை, பார்க்கலாம் என்றேன். இரண்டாம் முறை, அடுத்த மாசம் அவனே வர்றான் என்று பொய் சொன்னேன். அதை அவள் நம்பிவிட்டாள், என்னென்ன சமைக்கச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். உன்னிடம் சொல்லச் சொல்லி அவள் என்னிடம் கொடுத்தது அது. காலம் கடந்துதான் கொண்டுவந்து சேர்க்கிறேன், அவள் சொன்னபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல்:

"அருள வரச் சொல்லுங்க. வேல போனா போவுது, வேற வேல கெடைக்கும். எம்புள்ளய நான் பாக்கணும்."